சின்னக் குழந்தைகளோடு கேரவன் விடுமுறை: உண்மையிலேயே ஓய்வா, இடம் மாறிய வீட்டு வேலையா?

நிலாமகள்:

வணக்கம். எங்களுக்கு நாலு வயதில் ஒரு மகள், பத்து மாதத்தில் ஒரு மகன். இந்த விடுமுறைக்கு ஓட்டல் வேண்டாம், படுக்கையும் அடுப்பும் உள்ள சக்கர வீடான ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு வாரம் போகலாம் என்று கணவர் சொல்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவ்வளவு சின்ன இடத்தில் சமாளிக்க முடியுமா என்று யோசனையாக இருக்கிறது. படங்களில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மகன் அழும்போது எப்படி இருக்கும்? சின்னப் பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள். காருக்குப் பின்னால் இழுக்கும் கேரவனா, வீடும் வண்டியும் ஒன்றாக இருந்து தானே ஓடும் மோட்டார்ஹோமா என்பதையும் நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

சக்கரவீடு:

நிலாமகள், தயங்காமல் போங்கள். எங்கள் பிள்ளைகள் இருவரும் நடை பழகும் முன்பிருந்தே கேரவனில் வந்தவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு வயதுக் குழந்தைக்கு மலையும் கடலும் பெரிய விஷயம் இல்லை. நேரத்துக்குப் பால், நேரத்துக்குத் தூக்கம், பழகிய படுக்கை, பக்கத்தில் அம்மா அப்பா, இவ்வளவுதான் அதற்கு வேண்டும். ஓட்டலில் இதெல்லாம் ஓட்டலின் நேரத்துக்கு வளைய வேண்டியிருக்கிறது. காலைச் சாப்பாடு இத்தனை மணிக்குள் முடிந்துவிடும், அறையைச் சுத்தம் செய்ய இத்தனை மணிக்கு ஆள் வரும், பால் கலக்க வெந்நீர் வேண்டுமென்றால் கீழே போன் பண்ண வேண்டும். கேரவனில் குழந்தை எப்போது எழுகிறதோ அப்போதுதான் விடியும்.

மத்தியானத் தூக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு வெளியூர் போனால் நாள் கெடுவதே அங்கேதான். பதினொன்றரைக்குக் கண்ணைக் கசக்க ஆரம்பிக்கும். அறை எங்கேயோ தூரத்தில் இருக்கும். தள்ளுவண்டியில் அரைத்தூக்கம், அப்புறம் சாயங்காலம் முழுக்க அழுகை. கேரவன் ஏரிக்கரையிலேயே நிற்கிறது என்றால் ஐந்து நிமிடத்தில் பிள்ளையை அதன் படுக்கையில் போட்டுவிடலாம். பெரும்பாலான கேரவன் ஜன்னல்களில் வெளிச்சத்தை மறைக்கும் திரையும் கொசுவலையும் சேர்ந்தே இருக்கும். ஒருவர் வாசலில் உட்கார்ந்துகொண்டால் இன்னொருவர் பெரியவளைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகலாம்.

ராத்திரியும் அப்படித்தான். ஓட்டலில் பிள்ளைகள் எட்டு மணிக்குத் தூங்கியதும் விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் இருவரும் இருட்டில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்க வேண்டும். கேரவனில் வெளியே முன்கூடாரம் உண்டு. வண்டியின் பக்கவாட்டில் கோத்து நிறுத்தும் துணி அறை அது. அங்கே நாற்காலி போட்டுக்கொண்டால் பிள்ளைகளின் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தபடியே நிதானமாகப் பேசலாம். குழந்தைகள் பிறந்த பிறகு நானும் என் கணவரும் நிம்மதியாகப் பேசிய மாலைகள் பெரும்பாலும் அந்தக் கூடாரத்தில் கழிந்தவைதான்.

இரண்டு மணி அழுகையைக் கேட்டீர்கள். பால், வெந்நீர், மாற்றுத்துணி எல்லாம் இரண்டு எட்டில் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பமும் இல்லை. பிரிட்டனில் கேரவன்களை நிறுத்தித் தங்கும் தளங்களில் இரண்டு கேரவன்களுக்கு நடுவே 6 மீட்டர் இடைவெளி விடச் சொல்வார்கள். தீ பரவாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு, ஆனால் அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் அம்மாவுக்கும் அந்த இடைவெளி பெரிய நிம்மதி.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரே இடம். தினமும் வண்டியைக் கிளப்பினால் நான் சொன்ன நன்மைகளில் பாதி போய்விடும்.

ஊர்சுற்றி:

சக்கரவீடு அக்கா, கடைசியில் சொன்னதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஓரிடத்திலேயே ஒரு வாரம் நிற்பதற்குச் சக்கரம் எதற்கு? நாங்கள் மோட்டார்ஹோமில் இரண்டு நாளுக்கு ஓர் இடம் என்று போவோம். எங்கள் மகளுக்கு ஊர் மாறினாலும் அவள் படுக்கை மாறுவதில்லை. காலையில் கதவைத் திறந்தால் நேற்று ஆறு, இன்று காடு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அதிசயம் என்ன வேண்டும்?

சக்கரவீடு:

ஐந்து வயதுக்குச் சரி, தம்பி. பத்து மாதக் குழந்தைக்கு அப்படி ஓடினால் அம்மா அப்பாதான் களைத்துப்போவார்கள். கிளம்பும் ஒவ்வொரு முறையும் பாத்திரங்களை அசையாமல் கட்டி, கூடாரத்தைப் பிரித்து, கழிவுநீரைக் கொட்டி, கேஸை மூடி, மின்கம்பியைச் சுருட்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அத்தனையையும் மறுபடி விரிக்க வேண்டும். அந்த நேரம் முழுக்கக் கைக்குழந்தையை ஒருவர் தூக்கிவைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் வேலைக்கு ஓர் ஆள்தான் மிச்சம்.

மாடித்தோட்டம்:

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள். மறுபக்கத்தை நான் சொல்கிறேன், நிலாமகள் கேட்டதால்.

கேரவன் விடுமுறை என்றால் அம்மாவுக்கு விடுமுறை இல்லை. வீட்டில் இருக்கும் அதே சமையல், அதே பாத்திரம், அதே துணி. வித்தியாசம் என்னவென்றால், வீட்டில் அகலமான மேடை இருக்கும், இங்கே இரண்டு கை அகலம். வாஷிங் மெஷின் இல்லை, தண்ணீரைத் தூக்கி வர வேண்டும், தரையைத் துடைத்த ஐந்தாவது நிமிடம் மணல். குழந்தைக்குச் சௌகரியம் என்று சொல்கிறீர்களே, அந்தச் சௌகரியத்தைச் செய்துகொடுப்பது யார்? ஓட்டலில் குறைந்தது படுக்கை விரிப்பை வேறொருவர் மாற்றுவார், தட்டை வேறொருவர் கழுவுவார். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு வாரம் கை ஓய்வது சின்ன விஷயம் இல்லை. எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லாரும் சந்தோஷமாகத் திரும்பினார்கள், நான் களைத்துத் திரும்பினேன்.

இளவேனில்:

மாடித்தோட்டம் அக்கா சொன்னது முழுக்க நியாயம். இதை யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். கேரவன் விடுமுறை கசந்துபோன வீடுகளைக் கேட்டுப் பாருங்கள், மழையையும் இடநெருக்கடியையும்விட இந்தக் காரணத்தைத்தான் அதிகம் சொல்வார்கள். வேலையைப் பகிராத வீட்டைச் சக்கரத்தில் ஏற்றினால் அதுவும் கூடவே வரும்.

நான் ஒரு அப்பா. எங்கள் வீட்டில் கிளம்பும் முன்பே பேசிவிடுவோம். தண்ணீர் பிடிப்பது, கழிவு கொட்டுவது, காலையில் முதலில் எழும் பிள்ளையை வெளியே கூட்டிப்போவது மூன்றும் என்னுடையவை. காலைதான் முக்கியம். சின்னது ஐந்தரைக்கே எழுந்துவிடும், அதைத் தூக்கிக்கொண்டு நான் தளத்தைச் சுற்றி ஒரு நடை போய்வருவேன், மனைவி எட்டு மணி வரை தூங்குவாள். மதியம் அடுப்பு மூட்டுவதில்லை. சூடான சமையல் ஒரு வேளைதான், அதையும் ஒரே பாத்திரத்தில் முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே செய்து உறையவைத்து எடுத்துப்போனால் முதல் நாட்களுக்குச் சூடாக்கினால் போதும்.

நாலு வயது மகளையும் கணக்கில் சேருங்கள். தண்ணீர்த் தொட்டி என்பது தரையில் உருட்டிக்கொண்டு போகும் 40 லிட்டர் பீப்பாயாகத்தான் பல இடங்களில் இருக்கிறது. என் மகளுக்குக் குழாயடிக்குப் போய் அதை நிரப்பி உருட்டி வருவதுதான் நாளின் பெரிய நிகழ்ச்சி. நிரம்பியதை அவளால் தனியாகத் தள்ள முடியாது, என்னோடு சேர்ந்து தள்ளுவாள். வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்துவிடுகிறது. இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவள் கண்ணாலேயே பார்க்கிறாள். தொட்டி காலியானால் பல் தேய்க்க முடியாது என்று அவளே தம்பிக்குச் சொல்கிறாள்.

மாடித்தோட்டம்:

உங்களை மாதிரி எல்லா வீட்டிலும் இருந்தால் நானும் போவேன், தம்பி. நிலாமகள், வண்டியை முன்பதிவு செய்வதற்கு முன்னால் உங்கள் கணவரோடு இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். போன பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

தேர்ப்பாகன்:

இழுவையா மோட்டார்ஹோமா என்ற கேள்விக்கு வருகிறேன். குழந்தைகளை முன்வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள் இருந்தால் கணக்கே வேறு.

இழுக்கும் கேரவனில் பிள்ளைகள் உங்கள் காரில், உங்கள் கார் சீட்டில், எப்போதும் போலவே உட்கார்ந்து வருவார்கள். வண்டி ஓடும்போது கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது. பல நாடுகளில் அது சட்டப்படியே தடை. சட்டம் இல்லாத இடத்திலும் செய்யாதீர்கள். தூங்கிய குழந்தையை எழுப்ப மனமில்லை, அப்படியே உள்ளே கிடக்கட்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மோட்டார்ஹோமில் வாடகை எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இருக்கையைப் பற்றியது. எத்தனை பேர் தூங்கலாம் என்பது ஒரு எண், எத்தனை பேர் பாதுகாப்பாகப் பயணம் செய்யலாம் என்பது வேறு எண். பக்கவாட்டில் பார்க்கும் இருக்கையில் குழந்தைகளின் கார் சீட்டை மாட்டவே கூடாது. முன்னோக்கிய இருக்கை வேண்டும், மூன்றுமுனை பெல்ட் வேண்டும், கார் சீட்டை இருக்கையோடு நேராகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால் இன்னும் நல்லது. சில வண்டிகளில் பின்னிருக்கைக்கு இடுப்புப் பெல்ட் மட்டும்தான் இருக்கும், பல கார் சீட்டுகளை அதில் பொருத்த முடியாது. உங்கள் கார் சீட்டை நேரில் எடுத்துப்போய் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கார் சீட்டில் கைக்குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. இழுவையோடு போகும்போது வேகமும் குறைவு. ஆகவே காரில் மூன்று மணி நேரம் ஆகும் தூரத்தை அரைநாளாக எண்ணிக்கொள்ளுங்கள். பெரியவளுக்குப் பயணத்தில் குமட்டல் வருமா? இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில்தான் அது அதிகம். மோட்டார்ஹோமின் பின்பக்கத்தில் ஆட்டமும் கூடுதலாகத் தெரியும்.

இழுவையில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது எடை. கேரவனின் முழுச் சுமை எடை, காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று பிரிட்டனில் சொல்வார்கள். காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் இறங்கும் எடை ஐரோப்பிய வண்டிகளுக்குக் கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம், அமெரிக்க வண்டிகளுக்கு 10 முதல் 15 சதவீதம். வாடகைக்காரர் அவருடைய வண்டிக்கு எவ்வளவு என்று சொல்வார். இதை ஏன் பிள்ளை வளர்ப்பவர்களிடம் சொல்கிறேன் என்றால், தள்ளுவண்டி, சைக்கிள், டயப்பர் மூட்டை என்று எல்லாவற்றையும் பின்கோடியில் திணிப்பது நாம்தான். பின்பக்கம் கனத்தால் கொக்கியில் எடை குறைந்து கேரவன் வால் ஆட்ட ஆரம்பிக்கும். கனமான சாமானைச் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு வையுங்கள். அப்படியும் ஆடினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பதறி பிரேக்கை அழுத்தவோ எதிர்ப்பக்கம் திருப்பவோ வேண்டாம்.

டயரையும் பாருங்கள். கேரவன் வருஷத்தில் பாதி நாள் நின்றபடியே இருப்பதால் டயரின் பட்டை தேயாமல் புதிது மாதிரி இருக்கும், ஆனால் ரப்பர் மூப்படைந்திருக்கும். ஐந்து வருஷத்துக்கு மேலானது என்றால் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருஷமும் நாலு இலக்கமாக அச்சிட்டிருக்கும். ஓட்டுநர் உரிமம் அந்த எடைக்குச் செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், ஒரே இடத்தில் ஒரு வாரம் என்றால் இழுவைதான். கேரவனை நிறுத்திவிட்டுக் காரைக் கழற்றிக்கொண்டு போகலாம். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டையே கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை.

நிலாமகள்:

தேர்ப்பாகன் அண்ணா, கடைசி வரியிலேயே பாதி முடிவு எடுத்துவிட்டேன். மாடித்தோட்டம் அக்கா, ராத்திரி அவரோடு உட்கார்ந்து பேசினோம். ராத்திரிப் பால் என்னுடையது, காலை அவருடையது, பாத்திரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆகியிருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. மகனை எங்கே படுக்கவைப்பது? கழிப்பறையை எப்படிச் சமாளிப்பது?

சக்கரவீடு:

படுக்கை அமைப்பைப் பார்த்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் துணியின் நிறம், டிவி இதெல்லாம் அப்புறம். பல கேரவன்களில் சாப்பாட்டு மேஜையை இறக்கி மெத்தைகளை அடுக்கித்தான் கட்டில் ஆக்குவார்கள். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது. ஒருவர் தூங்க வேண்டுமென்றால் மற்றவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். உங்களுக்கு நிலையான பெரிய கட்டிலும், பிள்ளைகளுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் நிலையான பங்க் கட்டிலும் உள்ள வண்டியைக் கேளுங்கள்.

பங்க் கட்டிலில் மகளைக் கீழே படுக்கவையுங்கள். மேல் கட்டில் ஆறு வயதுக்கு மேல்தான். மேலே ஏற வேண்டும் என்று அவள் அடம்பிடிப்பாள், நிச்சயம். மேல்தட்டை அவளுடைய பொம்மைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். மகனுக்கு மடக்குத் தொட்டில்தான் சரி. சமமான, உறுதியான மெத்தை, தலையணையோ திணித்த துணியோ இல்லாமல். தொட்டிலின் நீள அகலத்தை அளந்து, விரித்தால் எந்த இடத்தில் நிற்கும் என்று வாடகைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். கழிப்பறைக் கதவை மறிக்கிற மாதிரி நின்றால் ராத்திரி கஷ்டம். கிளம்பும் முன் சில நாட்கள் வீட்டிலேயே அந்தத் தொட்டிலில் அவனைத் தூங்கப் பழக்குங்கள். வீட்டுப் படுக்கை விரிப்பைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப்போங்கள், அந்த வாசனை அவனுக்குத் தெரியும்.

கழிப்பறை பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. கசெட் டாய்லெட் என்பார்கள். அடியில் ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும் பெட்டி இருக்கும், வெளிப்பக்கச் சின்னக் கதவு வழியாக இழுத்து எடுத்து, தளத்தில் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவலாம். நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்ட வேண்டியிருக்கும். ஈரத்துடைப்பான், டயப்பர் எதையும் உள்ளே போடாதீர்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு ராத்திரி திடீரென்று அவசரம் வரும். அப்போது டார்ச் பிடித்துக்கொண்டு தளத்துக் கழிப்பறை வரை ஓடாமல் மூன்று எட்டில் போக முடிகிறதே, அது போதும். கூடாரத்தில் தங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மின்மினி:

இழையை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. புது அறை, புது மணம், சாப்பாட்டுக் கூடத்தின் சத்தம் எதுவும் அவனுக்குத் தாங்காது. ஓட்டலில் தங்குவது அவனுக்குத் தண்டனை மாதிரி, எங்களுக்கும்தான். அதனால் பல வருஷம் நாங்கள் எங்கேயும் போகவில்லை.

இப்போது கேரவனில் போகிறோம். அவன் தட்டு, அவன் டம்ளர், அவன் போர்வை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். வெளியே கூட்டம் அதிகமானால் அவனே உள்ளே போய்த் திரையை இழுத்துக்கொள்வான், கொஞ்ச நேரத்தில் தானாக வெளியே வருவான். யாரும் அவனை வெறித்துப் பார்ப்பதில்லை. அவனுக்குக் கடல் பிடிக்கும் என்பதே எங்களுக்கு இப்படிப் போனதில்தான் தெரிந்தது. வேலை அதிகம் என்று சொல்பவர்கள் சொல்வது உண்மை. எனக்கு அந்த வேலை பாரமாகத் தெரியவில்லை.

மாடித்தோட்டம்:

மின்மினி, உங்கள் பதிவைப் படித்தேன். இப்படி ஒரு பயன் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எழுதியதற்கு நன்றி.

பழைய பயணி:

பேரப்பிள்ளைகளோடு போகிறவன் நான். ஒரு பழைய செய்தி சொல்கிறேன், இந்த இழைக்குப் பொருந்தும்.

ஓய்வுக்காகவே செய்த முதல் கேரவன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1885ல் ஸ்காட்லாந்துக்காரர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் செய்வித்த குதிரை வண்டி. வண்டியோட்டி ஒருவர், பணியாள் ஒருவர் என்று ஆட்களோடு போன பயணம் அது. ஜெர்மனியில் 1931ல் ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்பவர் செய்த கேரவனுக்குக் காரணமே வேறு. அவர் சாட்டையும் பனிச்சறுக்குக் கையுறையும் விற்கும் வியாபாரி. வியாபாரத்துக்காக வாரக்கணக்கில் வெளியூர் போக வேண்டியிருந்தது. அவருடைய துணைவி ஃப்ரிடெல் ஓவியர். அவரும் கூடவே வர வேண்டும், போகும் இடத்தில் படம் வரைய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகக் காருக்குப் பின்னால் இழுக்கும் ஒரு வீட்டை ஆரிஸ்ட் தாமே செய்தார். பிறகு அவர்களுடைய மகளும் அதில் பயணம் செய்தாள். வேலைக்காகப் பிரிந்திருக்க வேண்டாம், குடும்பமே சேர்ந்து போகலாம் என்ற எண்ணத்தில் பிறந்த வண்டி அது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

பேரன்களிடம் நான் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரண்டு பேரும் இரண்டு அறையில் இருப்பார்கள். கேரவனில் வேறு வழியில்லை, சேர்ந்துதான் இருக்க வேண்டும். முதல் நாள் முட்டிக்கொள்வார்கள். அப்புறம் விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். தளத்தில் மற்ற பிள்ளைகளோடு சேர்வதற்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. பந்து ஒன்று இருந்தால் மொழிகூட வேண்டாம்.

நிலாமகள்:

ஐயா, அருமையான செய்தி. கணவருக்கும் படித்துக் காட்டினேன்.

மழை பெய்தால் என்ன செய்வீர்கள் எல்லாரும்? கேஸ் அடுப்பும் குழந்தைகளும் ஒரே அறையில் என்பதும் பயமாக இருக்கிறது.

இளவேனில்:

ஒரு நாள் மழை என்றால் கொண்டாட்டம். கூரையில் மழை விழும் சத்தத்தில் பிள்ளைகள் அயர்ந்து தூங்குவார்கள். மூன்றாவது நாளும் பெய்தால் கஷ்டம்தான், மறைக்க ஒன்றும் இல்லை. அப்போது முன்கூடாரம்தான் காப்பாற்றும். ஈரச் செருப்பு, சேற்றுத் துணி, தள்ளுவண்டி எல்லாம் அங்கேயே நின்றுவிட வேண்டும். பிள்ளைகளுக்கு முழு மழைச்சட்டையும் ரப்பர் பூட்ஸும் வாங்கிவிடுங்கள், குட்டையில் குதிக்க விடுங்கள். உள்ளே அடைத்து வைத்தால்தான் எல்லாருக்கும் தலை சூடாகும். நாலு பேர் மூச்சுவிடும் சின்ன இடம் என்பதால் ஜன்னல் கண்ணாடியில் ஈரம் வழியும். மழையானாலும் கூரைத் திறப்பைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

தேர்ப்பாகன்:

கேஸ் பற்றி நீங்கள் பயப்படுவது சரியான பயம், ஆனால் அடக்கக்கூடியது.

கேரவனின் தரையிலும் சுவரிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை பழுது இல்லை, வேண்டுமென்றே வைத்தவை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தங்கும், தரை ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். தவழும் குழந்தைக்குக் குளிர்காற்று படுகிறதே என்று பாயையோ பெட்டியையோ வைத்து அதை மூடுவது பெற்றோர் பலர் செய்கிற காரியம். மூடவே கூடாது. குழந்தைக்குக் காலுறையும் கம்பளி உடுப்பும் போட்டுவிடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இன்னும் மோசம். நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான அலாரமும் புகை அலாரமும் வேலை செய்கின்றனவா என்று வண்டியை வாங்கும்போதே பொத்தானை அழுத்திப் பாருங்கள். அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்தாதீர்கள். கரி அடுப்பை அணைந்துவிட்டது என்று நினைத்துக்கூட கேரவனுக்குள்ளோ முன்கூடாரத்துக்குள்ளோ கொண்டுவராதீர்கள். சாம்பல் மூடிய கரியும் அந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

குளிர்காலத்தில் போவதாக இருந்தால் புரோப்பேன் சிலிண்டர் கேளுங்கள். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும், புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். காலையில் பால் சூடாக்கப் போய் அடுப்பு எரியவில்லை என்றால் குழந்தை காத்திருக்காது.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 230 வோல்ட் உள்ள நாட்டில் தளம் 10 ஆம்பியர் கொடுத்தால் மொத்தம் 2300 வாட்தான். 6 ஆம்பியர் என்றால் 1380. வீட்டிலிருந்து 2000 வாட் கெட்டிலை எடுத்துப்போய், ஹீட்டரும் ஓடும்போது போட்டால் உடனே மின்சாரம் துண்டிக்கும். 1000 வாட்டுக்குள் உள்ள சின்னக் கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பல கேரவன்களில் இருக்கும் ஃப்ரிட்ஜ் மெதுவாகத்தான் குளிரும், கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரியே போட்டுவிட வேண்டும். வண்டி சாய்ந்து நின்றாலும் அது சரியாகக் குளிராது. அதனால் நிறுத்தியதும் முதலில் சக்கரத்துக்குக் கீழே கட்டை வைத்துச் சமப்படுத்துங்கள், அதன்பிறகு நாலு மூலைக் கால்களை இறக்குங்கள். அந்தக் கால்கள் ஆடாமல் பிடிப்பதற்குத்தான், வண்டியைத் தூக்குவதற்கு இல்லை.

ஊர்சுற்றி:

வெயில் காலம் என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுத்திய கேரவன் வெயிலில் சீக்கிரம் கொதிக்கும். உள்ளே ஒரு வெப்பமானி மாட்டுங்கள். குழந்தை உள்ளே தூங்கும்போது இரண்டு பக்க ஜன்னலும் கூரைத் திறப்பும் திறந்திருக்கட்டும்.

நிலாமகள்:

எல்லாருக்கும் நன்றி. இழுவைக் கேரவன், நிலையான பங்க் கட்டில், ஒரே தளத்தில் ஒரு வாரம் என்று முடிவு செய்துவிட்டோம். ஊர்சுற்றி தம்பி, மகன் வளர்ந்ததும் உங்கள் வழியில் ஒருமுறை போவோம். தளத்தில் எந்த இடத்தைக் கேட்பது?

இளவேனில்:

கழிப்பறைக் கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே வேண்டாம், ராத்திரி முழுக்க ஆட்கள் நடப்பார்கள், விளக்கு எரியும். பார்வையில் படும் தூரம் போதும். தளத்து உள்சாலையின் முக்கில் வாங்காதீர்கள், திரும்பும் வண்டிக்குச் சின்னப் பிள்ளை தெரியாது. குழாய் பக்கத்தில் இருக்கட்டும். விளையாட்டிடம் உங்கள் வாசலிலிருந்து தெரிய வேண்டும், ஆனால் ஒட்டியே இருக்க வேண்டாம், மத்தியானத் தூக்கம் போய்விடும். குளமோ ஆறோ உள்ள தளம் என்றால் தண்ணீரிலிருந்து தள்ளி, நடுவில் வேலி இருக்கும் பக்கம் கேளுங்கள். பெரிய மரத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம், கிளை விழும், ராத்திரி முழுக்கச் சொட்டும். சாயங்கால வெயிலை மறைக்கிற மாதிரி மரம் கொஞ்சம் தள்ளி இருந்தால் போதும்.

சக்கரவீடு:

போய்ச் சேர்ந்ததும் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உங்கள் இடத்து எண்ணைக் காட்டுங்கள். எல்லாக் கேரவனும் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் உங்கள் கதவில் அவளுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். அவள் கையில் உங்கள் போன் எண் எழுதிய பட்டை கட்டியிருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்புங்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலேயே கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், முதல் நாள் அடுப்பு பற்றவைக்க யாருக்கும் தெம்பு இருக்காது. வந்து எழுதுங்கள்.